கடிகாரம் இல்லாத கணக்கு

திரையின் மூலையில் கடிகாரம் ஓடுகிற எந்தக் கணித விளையாட்டையும் நான் என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. எவ்வளவு அழகான விளையாட்டாக இருந்தாலும் சரி, அந்தக் கடிகாரத்தை நிறுத்த வழி இருக்கிறதா என்று முதலில் தேடுவேன். இல்லையென்றால் அதை போனிலிருந்தே எடுத்துவிடுவேன். இலங்கையின் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். கணக்கில் பின்தங்கி நிற்கிற பிள்ளைகளும், உடலிலோ கற்றலிலோ இயலாமை உள்ள பிள்ளைகளும் பெரும்பாலும் என்னிடம்தான் வருவார்கள். அவர்களோடு இருந்து பார்த்ததில் ஒரு விஷயம் எனக்கு உறுதியாகத் தெரியும். போனும் டெப்பும் இவர்களுக்குத் தரக்கூடிய பெரிய உதவி அவகாசம்தான். யாரும் சிரிக்காத இடத்தில், யாரும் முந்திக்கொண்டு விடை சொல்லாத இடத்தில், அதே எட்டையும் ஐந்தையும் எத்தனை முறை வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கிற அவகாசம்.

நம் பாடசாலைகளில் கணக்கு என்றாலே வேகம் என்று ஆகிவிட்டது. வாய்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறவன் கெட்டிக்காரன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் தரம் 3 வரைக்கும் விழுகிறது. ஆசிரியர் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே முன்வரிசையில் நாலு கைகள் உயரும். பின்வரிசைப் பிள்ளை அதைப் பார்த்ததும் எண்ணுவதை விட்டுவிடுகிறது. விட்டுவிடப் பழகிய பிள்ளைக்கு மறுபடியும் எண்ணப் பழக்குவது கூட்டலைச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம். இந்த நிலையில் டெப்பைத் திறந்தால் அங்கேயும் ஒரு கடிகாரம், அங்கேயும் ஒரு "டொய்ங்" சத்தம் என்றால் அந்தப் பிள்ளை எங்கேதான் போகும்?

தரம் 3-இல் இருந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். மேசையில் மூன்று தேயிலை விதைகளை வைத்து "எத்தனை?" என்று கேட்டால், விரலால் தொட்டுத் தொட்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணித்தான் சொல்வான். விதைகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் கேட்டால், மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவான். மூன்று, நான்கு பொருட்கள் வரைக்கும் எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவது நம்மில் பெரும்பாலானோருக்குத் தானாக வருகிற ஒன்று. அவனுக்கு அது வரவில்லை. அதே பையன், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எந்த நாய் எந்த வீட்டுடையது, எந்த மாடு எப்போது கன்று போட்டது என்று பிசகாமல் சொல்வான். கதை சொல்ல ஆரம்பித்தால் வகுப்பே வாய்மூடிக் கேட்கும். அறிவில் ஒரு குறையும் இல்லை. எண்ணின் அளவை உணர்வதில்தான் தடை.

இப்படி ஒரு தனித் தடை இருப்பதை ஸ்லோவாக்கிய உளவியலாளர் லாடிஸ்லாவ் கோஷ் 1974-இல் விரிவாக எழுதினார். டிஸ்கல்குலியா என்று அதைச் சொல்கிறார்கள். பிள்ளைகளில் 3 முதல் 7 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவர், இருவர். ஆனால் கணக்கு வராத பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயரை ஒட்டிவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் பாடசாலைக்கு வராமல் போன நாட்களே பாதிக் காரணமாக இருக்கும். கண்ணாடி தேவைப்படுவதை யாரும் கவனிக்காத பிள்ளைகள் உண்டு. சளி முற்றிக் காதில் சீழ் வடிந்து, ஒரு பக்கம் சரியாகக் கேட்காத பிள்ளைகள் உண்டு. காலையில் வெறும் சாயத்தண்ணியோடு வருகிற பிள்ளைகளும் உண்டு. ஆப் தேடுவதற்கு முன் கண்ணையும் காதையும் வயிற்றையும் பார்த்துவிட வேண்டும்.

"இவனுக்குக் கணக்கு ஏறாது டீச்சர். எழுத்து வாசிச்சாப் போதும்" என்று அந்தத் தரம் 3 பையனின் அம்மா சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த அம்மாவின் ஒரு நாள் முழுக்கக் கணக்கால் ஆனது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு நிற்கிறது. நிறுத்த கிலோவில் தண்ணிக்கும் சாக்குக்கும் இவ்வளவு என்று கழிகிறது. சொன்ன கிலோ வந்தால் முழுப் பேர், அதாவது ஒரு முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம். நாட்சம்பளம் 2021-இல் 1000 ரூபாய் ஆனது, 2024-இல் 1350 ஆனது. ஆனால் மாத முடிவில் கைக்கு வருவது எத்தனை பேர், அதில் எத்தனை அரைப்பேர், சேமலாப நிதிக்கு எவ்வளவு, சங்கச் சந்தா எவ்வளவு, தேயிலைத்தூளுக்கும் கடனுக்கும் எவ்வளவு என்பதையெல்லாம் பொறுத்தது. சம்பளத் துண்டை வாங்கிப் பார்த்து "இங்கே ஒரு பேர் குறையுது" என்று சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த ஒரு பேர் திரும்பக் கிடைக்கும். மலையகத்தில் கணக்குத் தெரியாமல் இருப்பது பரீட்சையோடு முடிகிற நஷ்டமில்லை. அதனால்தான் "ஏறாது" என்று யார் சொன்னாலும் எனக்கு ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

சரி, கருவிகளுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை லண்டனில் ஆய்வாளர்கள் பிரையன் பட்டர்வர்த்தும் டயானா லோரிலார்டும் 2010-இல் எழுதியது. அவர்களுடைய விளையாட்டில் பத்து அளவு நீளமுள்ள ஓர் இடத்தை நிரப்ப வேண்டும். ஏழு நீளத்தில் ஒரு பட்டை ஏற்கனவே இருக்கும். மீதி இடத்துக்குப் பொருந்துகிற பட்டையைப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும். நாலை எடுத்தால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டை எடுத்தால் இடைவெளி தெரியும். சிவப்புப் புள்ளடி இல்லை, அழுகிற முகம் இல்லை. எவ்வளவு கூடிப்போனது, எவ்வளவு குறைந்தது என்று பட்டையே காட்டிவிடுகிறது. முதலில் வெறும் நிறப்பட்டைகள், பிறகு பட்டைமேல் இலக்கம், கடைசியில் இலக்கம் மட்டும். "பிழை" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவும் ஆப்களையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பிழை என்று தெரிவதால் மட்டும் பிள்ளை எதையும் கற்பதில்லை. எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் தவறிவிட்டோம் என்று தெரியும்போது அடுத்த முயற்சி அதற்கே சுலபமாக வரும்.

அன்னா வில்சனும் ஸ்தனிஸ்லாஸ் டெஹானும் 2006-இல் வெளியிட்ட நம்பர் ரேஸ் என்ற விளையாட்டும் இலவசம். நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்தது. இரண்டு குவியல்களில் எது அதிகம் என்று பார்த்து எடுக்க வேண்டும். நான்கில் மூன்று தரமாவது பிள்ளைக்குச் சரியாக வரும்படி மென்பொருளே கடினத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். தோற்றே பழகிய பிள்ளைக்கு இது பெரிய விஷயம். விடை சொல்லும் நேரமும் போகப்போகக் குறைந்துகொண்டு வருவதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்லாந்தில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், இதை விளையாடிய பிள்ளைகள் எண்களை ஒப்பிடுவதில் முன்னேறினார்கள், ஆனால் அந்த முன்னேற்றம் மற்ற எண் திறன்களுக்குப் பரவவில்லை. எதைப் பழக்குகிறோமோ அதுதான் வரும். ஒப்பிடப் பழக்கிவிட்டு, கூட்டல் தானாக வந்துவிடும் என்று காத்திருக்க முடியாது.

மலாவி நாட்டிலிருந்து வந்த ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. மலாவியும் தேயிலை விளைகிற நாடு. அங்கே ஒன்பில்லியன் என்ற அமைப்பின் கணித ஆப்பைப் பிள்ளைகளின் சொந்த மொழியில் டெப்பில் போட்டுக் கொடுத்தார்கள். விசேட தேவையுள்ள பிள்ளைகள் அதில் எப்படிக் கற்கிறார்கள் என்று நிக்கோலா பிட்ச்ஃபோர்டும் உடனாய்வாளர்களும் பார்த்து 2018-இல் எழுதினார்கள். மற்றப் பிள்ளைகளைவிட மெதுவாக, ஆனால் கற்றார்கள். அந்த "மெதுவாக" என்ற சொல்லைப் படித்துவிட்டு ஏமாற்றமடைகிறவர்கள் இருக்கலாம். எனக்கு அது நம்பிக்கையாக இருந்தது. மெதுவாகப் போகிற பிள்ளைக்காக பாடவேளை காத்திருக்காது, டெப் காத்திருக்கும்.

இதையெல்லாம் சொல்வதால் காலையிலேயே டெப்பைக் கையில் கொடுத்துவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். எட்டையும் ஐந்தையும் கூட்டுவது என்றால் முதலில் முட்டைத் தட்டுதான். கடைகளில் முப்பது முட்டை வருகிற அட்டைத் தட்டில் ஒரு வரிசைக்கு ஐந்து குழி. இரண்டு வரிசையை வெட்டி எடுத்தால் பத்துக் குழி. அதில் எட்டு விதைகளைப் போட்டால் இரண்டு குழி வெறுமையாகத் தெரியும். இன்னொரு தட்டில் ஐந்து. அதிலிருந்து இரண்டை எடுத்து இங்கே போட்டால் பத்து நிரம்பிவிட்டது, அங்கே மூன்று மிச்சம். பதின்மூன்று. பிள்ளை இதைக் கையால் செய்ய வேண்டும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு கொப்பியில் வட்டமாக வரைய வேண்டும். அதற்குப் பிறகுதான் திரை.

திரையில் அதே பத்துச் சட்டத்தைக் காட்டுகிற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மெத் லேர்னிங் சென்டர் தருகிற நம்பர் ஃபிரேம்ஸ் அப்படி ஒன்று. கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) திட்டத்தில் பத்தாக்கிக் கூட்டுவதற்கே தனியாக ஒரு செயல்பாடு இருக்கிறது. அந்தத் திட்டம் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. அதன் செயல்பாடுகளை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். பெட் செயல்பாட்டில் விளையாட்டு என்று தனியாக இருக்கிற பகுதியை விட்டுவிட்டால், இந்தக் கருவிகளில் புள்ளி இல்லை, பரிசு இல்லை. பார்க்கிற பெற்றோருக்கு "இதில் என்ன இருக்கிறது?" என்று தோன்றும். அந்த வெறுமையைத்தான் நான் தேடுகிறேன். திரையில் பிள்ளை நகர்த்துகிற வட்டங்களையும் எண்களையும் தவிர வேறொன்றும் அதன் கண்ணை இழுக்கவில்லை.

விதையில் கிடைக்காத ஒன்று திரையில் எனக்குக் கிடைக்கிறது. இப்போதைய போன்கள் பலவற்றில் திரையில் நடப்பதை வீடியோவாகப் பதிகிற வசதி சேர்ந்தே வருகிறது. பிள்ளை வேலை செய்யும்போது அதைப் போட்டு விடுவேன். இருபத்தெட்டு பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது ஒரு பிள்ளையின் விரல் எங்கே தயங்கியது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இரவில் வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதுகிற பிள்ளையைக் கவனக்குறைவு என்று நாம் சொல்லிவிடுகிறோம். பதிவைப் பார்த்தால், ஒன்றாமிடத்தில் 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. பிள்ளை ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, விதிதான் தவறு. அடுத்த நாள் நான் இடப்பெறுமானத்துக்குத் திரும்பிப் போவேன், இன்னும் இருபது கழித்தல் கணக்குக் கொடுக்க மாட்டேன்.

விதை, படம், திரை என்று நான் சொன்ன ஒழுங்கு எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. பெருமூளை வாதம் உள்ள ஒரு சிறுமி வகுப்பில் இருந்தாள். விதையை விரலால் பிடிக்கும் முன் அது உருண்டு தரைக்குப் போய்விடும். அவளுக்கு எண்ணுவதில் ஒரு தடையும் இல்லை, எண்ணியதைக் காட்டுவதில்தான் தடை. அவளுக்கு முதல் நாளிலிருந்தே திரைதான் சரி. பல போன்களில் விரல் எவ்வளவு நேரம் பட்டால் தொடுதலாகக் கொள்ள வேண்டும், அடுத்தடுத்துப் படுவதை விட்டுவிட வேண்டுமா என்று அணுகல் வசதிகளில் மாற்றிக்கொள்ள இடமுண்டு. அதைச் சரிசெய்ததும் வட்டங்கள் அவள் சொன்னபடி நகர்ந்தன. கீழே கீழே எழுதிக் கூட்டுகிற கணக்குக்குப் பழைய மடிக்கணினியில் எக்செல் பக்கத்தைத் திறந்து, கட்டங்களைப் பெரிதாக்கி, ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று வைத்தேன். பத்தாமிடமும் ஒன்றாமிடமும் ஒன்றோடொன்று கலக்காமல் நின்றன. அவளுடைய கொப்பியில் அதுவரை யாராலும் வாசிக்க முடியாமல் இருந்த கணக்குகளில் பெரும்பாலானவை சரியானவை என்று அப்போதுதான் வகுப்புக்குத் தெரிந்தது.

ஆகவே இயலாமையின் பெயரைப் பார்த்து ஆப் தேடுவதில் பயனில்லை. இந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் தட்டுகிறது என்று பார்த்துத் தேட வேண்டும். பார்வை குறைந்த பிள்ளைக்குத் திரை உருப்பெருக்கியும் நிற மாற்றமும் போனிலேயே இருக்கின்றன. முற்றாகப் பார்வையில்லாத பிள்ளைக்கு எண்சட்டமும், துளைகளில் ஆணிகளைப் பொருத்தி எண்களைத் தொட்டறிகிற டெய்லர் சட்டமும்தான் முதலில், பேசும் போன் அதற்குப் பிறகு. கேட்காத பிள்ளைக்கு வசனக் கணக்கு என்பது மொழிப் பாடம். சைகை மொழி இல்லாத வீடியோ அதற்கு வெறும் வாயசைவு. இந்தப் பிள்ளைகளுக்கான பெரிய பாடசாலைகள் கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையிலும் யாழ்ப்பாணத்துக் கைதடியிலும் இருக்கின்றன. ஏழு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் விடுதிக்கு அனுப்புவதா என்று யோசித்து வீட்டிலேயே வைத்துக்கொண்ட குடும்பங்கள் எங்கள் தோட்டங்களில் இருக்கின்றன.

இங்கே போன் என்றால் பெரும்பாலும் வீட்டுக்கு ஒன்று. அது அப்பாவோடு கொழும்புக்குப் போயிருக்கும், இல்லாவிட்டால் அம்மாவோடு மலைக்குப் போயிருக்கும். பிள்ளையின் கைக்கு வருவது பொழுது சாய்ந்த பிறகு. 2020-இல் பாடசாலைகள் மூடியபோது சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேட்டுக்கும் பாறைக்கும் ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் இணையம் கேட்கிற எதையும் நான் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. கேடிஈ என்ற இலவச மென்பொருள் குழுவின் ஜிகாம்ப்ரி என்ற சிறுவர் விளையாட்டுத் தொகுப்பு மாதிரி ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமே தேவைப்படாத, விளம்பரம் வராதவற்றைத்தான் தேர்ந்தெடுப்பேன். பாடசாலையில் ஒரு சிறு கணினியை வைத்து, அதிலிருந்து சுற்றியுள்ள டெப்களுக்கு இணையமின்றியே பாடங்களைத் தருகிற கோலிப்ரி என்ற இலவச ஏற்பாடும் உண்டு. பெற்றோருக்கு இரண்டு விஷயம் மட்டும் காட்டிக்கொடுப்பேன். ஒன்று, விமானப் பயன்முறை. விளம்பரம் நின்றுவிடும், டேட்டாவும் மிச்சம். அடுத்தது, ஒரே ஆப்பைத் திரையில் பூட்டி வைக்கிற வழி. இல்லையென்றால் இரண்டாவது நிமிடம் பிள்ளை யூடியூபில் இருக்கும்.

மொழிதான் பெரிய முட்டுக்கட்டை. நல்ல ஆப்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் பேசுகின்றன. "தேர்ட்டீன்", "தேர்ட்டி" இரண்டும் எங்கள் பிள்ளையின் காதுக்கு ஒன்றுதான். அது சத்தத்தைக் கேட்டு ஊகித்துத் தொடுகிறதே ஒழிய எண்ணைக் கேட்டு அல்ல. அதனால் குரலை நிறுத்திவிட்டு, பக்கத்தில் அக்காவோ அண்ணனோ உட்கார்ந்து தமிழில் சொல்லச் சொல்வேன். நானே பவர்பாயிண்டில் ஸ்லைட் செய்து, என் குரலைப் பதிந்து, வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் உண்டு. அதில் ஆப்பிளும் பீட்சாவும் இல்லை. கூடை, கொழுந்து, ரொட்டி, இருபது ரூபாய்க் குற்றி. பாதி என்றால் என்ன என்று கேட்டபோது, பின்னத்தைப் பற்றி ஒன்றும் படித்திராத பிள்ளை "அரைப்பேர் மாதிரி" என்று சொன்னது. அந்த இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினேன்.

சட்டம் இருக்கிறது. இயலாமையுள்ளவர்களின் உரிமைகளுக்காக 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம். ஐக்கிய நாடுகளின் இயலாமையுள்ளோர் உரிமை உடன்படிக்கையை இலங்கை 2016-இல் உறுதிப்படுத்தியது. இயலாமையுள்ள பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிப்பிக்கிற உட்படுத்தல் கல்வி என்ற சொல் சுற்றறிக்கைகளில் நிறையவே வருகிறது. ஆனால் தமிழ்மொழியில் விசேட கல்வி படித்த ஆசிரியர் ஒருவர் மலைப்பாதையில் எங்கள் பாடசாலை வரை வந்து சேர்வது அபூர்வம். நன்கொடையாக வந்த டெப்கள் உடைந்துவிடும் என்ற பயத்தில் அலுமாரியில் பூட்டிக் கிடக்கிற இடங்களும் எனக்குத் தெரியும். அந்தப் பயம் புரிகிறது, உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டியவர் அதிபர். அதற்காகப் பிள்ளைகள் காத்திருக்கக் கூடாது. டெப்பைத் தருகிறவர்கள் பழுதுபார்க்கிற செலவையும் சேர்த்துத் தர வேண்டும். "உடைந்தாலும் பரவாயில்லை, பாவியுங்கள்" என்று எழுத்தில் தர வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் கேட்பது "எந்த ஆப் நல்லது டீச்சர்?" என்றுதான். பெயர் சொல்வதற்கு முன் ஒன்று கேட்பேன்: பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார முடியுமா? முடியும் என்றால், சரியாகச் சொன்னாலும் பிழையாகச் சொன்னாலும் "எப்படி வந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள் என்பேன். பிள்ளை சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்க வேண்டாம். அந்த மூன்றாம் தரத்துப் பையனின் அம்மா கொழுந்தெடுத்துக் களைத்து வந்தும் இதைச் செய்தார். அவன் இன்றும் விரலை விடவில்லை. ஆனால் எட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வெறும் குழி இருப்பது இப்போது அவனுக்குத் தட்டு இல்லாமலே தெரிகிறது.

தமிழில் மென்பொருள் செய்கிறவர்கள் இதை வாசித்தால், நான் கேட்பது அதிகமில்லை. கடிகாரத்தை நிறுத்த ஒரு பொத்தான், தெளிவான தமிழ்க் குரல், இணையம் இல்லாமல் ஓடுவது, பிள்ளை செய்த பிழைகளை ஆசிரியருக்குக் காட்டுகிற ஒரு பக்கம். 20 வரை கூட்டலுக்கான என் ஸ்லைட்களும் குரல் பதிவுகளும் முடிந்துவிட்டன. கழித்தலைத் தொடங்கியிருக்கிறேன். வேறு பாடசாலைகளில் யாராவது பத்திலிருந்து கடன் வாங்குவதைத் திரையில் நன்றாகக் காட்டுகிற ஏதாவது செய்து வைத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். என்னிடம் இருப்பதை யார் கேட்டாலும் தருகிறேன், பெயர்கூடப் போடத் தேவையில்லை.